டோக்கியோவில் சூட்டிய பெயர்

மாநக்கவாரம்: கார் நிக்கோபாரின் கதை
பகுதி 19

சென்ற வாரம் ஜப்பானியரின் வருகையோடு நிறுத்தியிருந்தோம். 1942 மார்ச் 23 அன்று அவர்கள் போர்ட் பிளேரில் இறங்கினார்கள். அந்த ஆண்டிலேயே தெற்கே 270 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கார் நிக்கோபாரும் அவர்கள் வசமானது.

இந்தத் தீவு கைமாறியது அதுவே முதல் முறை இல்லை என்பது தொடரை ஆரம்பத்திலிருந்து படித்து வருபவர்களுக்குத் தெரியும். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கடாரப் படையெடுப்பின் வெற்றிகளை வரிசைப்படுத்தும்போது 'மாநக்கவாரம்' என்று சொல்வது இந்தத் தீவுக்கூட்டத்தைத்தான். 1756-ல் நம் தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறி வந்த டேனிஷ்காரர்கள் தங்கள் அரசர் ஃபிரெடரிக்கின் பெயரை இதற்கு வைத்தார்கள். காய்ச்சலுக்கு ஆட்களைப் பலி கொடுத்துக் களைத்துப்போய், 1868-ல் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

ஒவ்வொரு முறையும் கொடி மாறியது, பெயரும் மாறியது. தீவில் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1943 நவம்பரில் மறுபடியும் ஒரு பெயர் வந்தது. இந்தத் தடவை அதை வைத்தவர் அந்நியர் இல்லை. இந்தியாவின் விடுதலைக்காக ஆயுதம் எடுத்த இயக்கத்தின் தலைவர், நம் வீட்டுச் சுவர்களில் இன்றும் படமாகத் தொங்குகிறவர்.

*

ஒரு புகைப்படம்

டோக்கியோ நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் ஜப்பானியப் பிரதமர் ஹிதேகி தோஜோ. அவருக்கு ஒரு பக்கம் பர்மாவின் பா மாவ், மஞ்சூரியாவின் ஜாங் ஜிங்ஹூய், நான்ஜிங் அரசின் வாங் ஜிங்வெய். மறுபக்கம் தாய்லாந்து இளவரசர் வான், பிலிப்பைன்ஸின் ஹோசே லாரல். வலது ஓரத்தில், ராணுவ உடுப்பில், கண்ணாடி அணிந்த ஒருவர்.

அவர் சுபாஷ் சந்திர போஸ்.

1943 நவம்பர் 5, 6 தேதிகளில் நடந்த மகா கிழக்காசிய மாநாட்டின்போது எடுத்த படம் இது. போஸ் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். மற்றவர்கள் மாநாட்டின் உறுப்பினர்கள், அவர் பார்வையாளர். இதை யாரும் அவர்மேல் திணிக்கவில்லை. நாளை விடுதலை பெறப்போகும் இந்தியாவை ஜப்பானின் கிழக்காசியக் கூட்டமைப்பில் இன்றே கட்டிப்போட தனக்கு அதிகாரம் இல்லை என்று அவர் கருதினார். அதனால் உறுப்பினராக உட்காராமல் பார்வையாளராக உட்கார்ந்தார்.

இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போஸை ஜப்பானியரின் கைப்பாவை என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள் இந்த நாற்காலியைப் பார்ப்பதில்லை.

இரண்டாம் நாள், நவம்பர் 6. இந்தியாவின் விடுதலைப் போரை ஆதரிக்கும் பேச்சை பா மாவ் எடுத்தார். போஸ் எழுந்து பேசினார். அதன்பின் தோஜோ எழுந்தார்.

இந்தியாவின் விடுதலைக்கு ஜப்பான் துணை நிற்கும் என்பதற்கு முதல் அடையாளமாக, தன் வசமுள்ள அந்தமான் நிக்கோபார் தீவுகளை ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசின் கீழ் விரைவில் வைக்கத் தயாராக இருப்பதாக அறிவித்தார்.

கார் நிக்கோபாரின் தலைவிதி இன்னொரு முறை வெளியூரில், தீவுக்காரர் ஒருவர்கூட இல்லாத மண்டபத்தில், எழுதப்பட்டது.

*

தோஜோ ஏன் இறங்கி வந்தார்?

அந்த அறிவிப்பைப் புரிந்துகொள்ள ஓராண்டு பின்னால் போக வேண்டும்.

1942-ல் ஜப்பான் கை ஓங்கியிருந்தது. சிங்கப்பூர், ரங்கூன், மணிலா எல்லாம் அதன் வசம். அப்போது யாருக்கும் எதையும் தர வேண்டிய தேவை அதற்கு இல்லை. முதல் இந்திய தேசிய ராணுவத்தைக் கட்டிய மோகன் சிங் அந்தச் சமயத்தில்தான் தெளிவான, பகிரங்கமான உறுதிமொழி வேண்டும் என்று கேட்டார். பதில் வரவில்லை. மோதல் முற்றியது. 1942 டிசம்பரில் அவரைக் கைது செய்தார்கள். படை கலைந்தது.

1943-ல் காற்று திசை மாறியது. பிப்ரவரியில் குவாடல்கனால் தீவை விட்டு ஜப்பான் பின்வாங்கியது. செப்டம்பரில் கூட்டாளி இத்தாலி சரணடைந்தது. வெற்றி வருகிற காலத்தில் ஆளை மிரட்டியே வேலை வாங்கலாம். தோல்வி எட்டிப் பார்க்கும்போது நண்பர்கள் தேவைப்படுகிறார்கள்.

டோக்கியோவின் ராஜதந்திரம் மாறியது. ஆகஸ்ட் 1-ல் பர்மாவுக்குச் சுதந்திரம் என்றது. அக்டோபர் 14-ல் பிலிப்பைன்ஸுக்கு. தாய்லாந்தை மகிழ்விக்க மலாயாவின் நான்கு மாநிலங்களை எடுத்துக் கொடுத்தது. அந்த நான்கில் ஒன்று கெடா, நம் மெய்க்கீர்த்தி பாடும் அதே கடாரம். அந்த மாநிலத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள், ஒரு காலையில் எழுந்தபோது தாய்லாந்து ஆட்சியின் கீழ் இருந்தார்கள்.

ஜப்பான் அந்த ஆண்டு தேசப்படத்தைத் துண்டு போட்டுப் பரிசளித்துக்கொண்டிருந்தது. அந்தமான் நிக்கோபார் அறிவிப்பு அந்த வரிசையில் வந்ததுதான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கெடா போர்முனைக்கு உள்ளே தள்ளியிருந்த பகுதி. அந்தமானும் நிக்கோபாரும் ரங்கூனுக்கும் சுமத்ராவுக்கும் முன்னால் நிற்கும் காவல் அரண். பிரிட்டிஷ் கடற்படை எந்த நாளும் அந்த வழியாக வரலாம். அங்கே ஆட்சி நடத்தியது ஜப்பானியக் கடற்படை. பிரதமர் மேடையில் சொல்லிவிட்டார் என்பதற்காக அந்த அரணைக் கடற்படை விட்டுக் கொடுக்குமா?

*

மண் இல்லாத அரசு

போஸின் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

1943 ஜூலை 2 அன்று அவர் சிங்கப்பூரில் இறங்கினார். ஜூலை 4 அன்று கேத்தே மண்டபத்தில் ராஷ் பிகாரி போஸ் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை அவரிடம் ஒப்படைத்தார். அக்டோபர் 21 அன்று அதே மண்டபத்தில் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு பிறந்தது. ஓரிரு நாளில் ஜப்பான் அங்கீகரித்தது, ஜெர்மனியும் மற்ற நட்பு நாடுகளும் தொடர்ந்தன. பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் அந்த அரசு போர் அறிவித்தது.

அமைச்சர்கள் இருந்தார்கள். விளம்பரத் துறைக்கு எஸ்.ஏ. ஐயர், பெண்கள் துறைக்கு கேப்டன் லட்சுமி என்று நம் தமிழர்களும் அதில் இருந்தார்கள். படை இருந்தது. மலாயாத் தோட்டத் தொழிலாளர்கள் கழுத்துத் தாலியையும் காதுத் தோட்டையும் கழற்றிக் கொடுத்துச் சேர்ந்த நிதி இருந்தது.

இல்லாதது ஒன்றுதான். காலூன்ற ஒரு பிடி இந்திய மண்.

மண் இல்லாத அரசை 'ஜப்பானியர் செய்த பொம்மை' என்று டெல்லி வானொலி நாள்தோறும் ஏளனம் செய்தது. அந்த ஏளனத்துக்குப் பேச்சால் பதில் சொல்ல முடியாது. மோகன் சிங் கேட்டும் கிடைக்காத பகிரங்க வாக்கு இப்போது தோஜோவின் வாயிலிருந்தே வந்துவிட்டது. அதை வாங்காமல் விடுவதா?

இரண்டு வழிகள் அவர் முன் இருந்தன. கையில் தரும்வரை பேசமாட்டேன் என்று காத்திருக்கலாம். அல்லது வாக்கைக் கிடைத்த பொருளாகவே பாவித்து, உலகமறிய அறிவித்து, சொன்னவரை அந்தச் சொல்லுக்குக் கட்டிப்போடலாம்.

போஸ் இரண்டாவதைத் தேர்ந்தார்.

*

நவம்பர் 8 அறிக்கை

இரண்டு நாள் கழித்து, நவம்பர் 8 அன்று, பத்திரிகைகளுக்கு அவருடைய அறிக்கை வந்தது. தோஜோவின் ராஜதந்திரத்துக்கு ஆயுதப் போராட்ட இயக்கம் பகிரங்கமாகச் சொன்ன பதில் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று படிப்போம்.

பிரிட்டிஷ் நுகத்திலிருந்து விடுபடும் முதல் இந்திய நிலம் இது என்றார். விடுதலைப் போரில் முதலில் மீட்கும் துண்டு நிலத்துக்கு எப்போதுமே தனி மதிப்பு உண்டு என்றார். பிரெஞ்சுப் புரட்சியில் பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறையை முதலில் உடைத்துக் கைதிகளை மீட்டதை நினைவூட்டினார். நம் தேசபக்தர்கள் வதைபட்ட அந்தமான் முதலில் விடுதலை பெறுவதும் அப்படியே என்றார். படிப்படியாக இந்தியா முழுவதும் மீளும் என்றார்.

பிறகு பெயர்கள். தியாகிகளின் நினைவாக அந்தமான் இனி 'ஷஹீத்'. நிக்கோபார் இனி 'ஸ்வராஜ்'.

ராஜதந்திர மொழியில் இது கூர்மையான அறிக்கை. ஜப்பானுக்கு நன்றி சொல்கிறது, ஆனால் அந்த நன்றியிலேயே நிலத்தின் உரிமையாளர் யார் என்பதைப் பதித்துவிடுகிறது. பெயர் சூட்டும் உரிமை வீட்டுக்காரனுக்கு மட்டுமே உண்டு. பெயர் வைத்ததன் மூலம் போஸ் தன்னை வீட்டுக்காரனாக அறிவித்தார். தோஜோ இனி மறுக்க முடியாது.

சிங்கப்பூரிலிருந்து தமிழ் ஒலிபரப்பு இதைக் கொண்டுபோன இடமெல்லாம் எழுச்சி பிறந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அந்தமான் சிறை என்றாலே நெஞ்சு கனக்கும் தலைமுறை அது.

ஆனால் இந்தத் தொடர் கார் நிக்கோபாரின் கதை. ஆகவே அறிக்கையை நான் கார் நிக்கோபாரில் நின்று படிக்கிறேன்.

அப்படிப் படித்தால் ஒன்று உறுத்துகிறது. அந்தமானுக்குச் சூட்டிய பெயருக்குக் காரணம் இருக்கிறது: சிறை இருக்கிறது, தியாகி இருக்கிறார், பாஸ்டில் உவமை இருக்கிறது. நிக்கோபாருக்கு வெறும் பெயர் மட்டுமே இருக்கிறது. அங்கே வாழ்கிறவர் யார், அவர்கள் பேசும் மொழி எது, அவர்களுக்கு அந்தப் பெயர் என்ன சொல்லும் என்பதற்கு அறிக்கையில் இடமே இல்லை.

ஸ்வராஜ் என்றால் தன்னாட்சி. அந்த நவம்பரில் கார் நிக்கோபாரில் தன்னாட்சி எந்த நிலையில் இருந்தது?

*

தென்னை விழுந்த தீவு

கார் நிக்கோபார் சுமார் 127 சதுர கிலோமீட்டர் அளவுள்ள தட்டையான பவளத் தீவு. மலை கிடையாது, பெரிய ஆறு கிடையாது. கரையோரமாக மூஸ், மலாக்கா, பெர்கா, கக்கானா, அரோங், சவாய் என்று ஊர்கள். கால்கள் நட்டு உயர்த்திய, தேன்கூடு போல் உருண்ட கூரை வேய்ந்த வீடுகள். ஏணி வைத்து ஏற வேண்டும்.

அங்கே தென்னை என்பது மரம் மட்டும் இல்லை. குடிநீர் அது, உணவு அது. வீட்டுப் பன்றிக்குத் தீவனம் அது. துணியும் அரிவாளும் வாங்கத் தேங்காயைத்தான் எண்ணிக் கொடுத்தார்கள். தென்னை எத்தனை என்பதுதான் ஒரு கூட்டுக் குடும்பத்தின் சொத்துக் கணக்கு. நம் ஊரில் நிலத்தைச் சொல்வதுபோல அங்கே மரத்தைச் சொல்வார்கள்.

ஜப்பானியருக்கு வேண்டியிருந்தது விமானதளம். தட்டையான தீவு அதற்கு வாகாக இருந்தது. நடுவில் நின்ற தென்னைகள் விழுந்தன. தோட்டத்துக்கு உடையவர்களையே கூப்பிட்டு வேலை வாங்கினார்கள். பவளக்கல்லை உடைத்துச் சுமந்து ஓடுதளத்தில் கொட்டச் செய்தார்கள். கூலி என்று சொல்ல ஒன்றும் இல்லை, மறுத்தால் அடி. அரிசி குறையக் குறைய, மிச்சமிருந்த தேங்காயும் கிழங்கும் பன்றியும் படைக்கே போயின.

இந்தத் துயரத்துக்கு நடுவே ஊர் யாரை நம்பியது என்று கேட்டால், மூஸ் கிராமத்து ஜான் ரிச்சர்ட்சனை. அவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மூஸில் பள்ளி நடத்திய தமிழ் உபதேசியார் வேதப்பன் சாலமனின் மாணவர். மாண்டலேயில் படித்துத் திரும்பியவர். தன் தாய்மொழியில் வேதாகமத்தைப் பெயர்த்தவர்.

ஆங்கிலம் தெரிந்தவர், வெள்ளைக்காரர் திருச்சபையைச் சேர்ந்தவர். ஊருக்கு அவர் வழிகாட்டியாக இருந்ததற்கு எது காரணமோ, அதுவே ஜப்பானியர் பார்வையில் அவரைச் சந்தேகத்துக்குரியவராக ஆக்கியது.

டோக்கியோவில் தீவுக்குத் தன்னாட்சி என்று பெயர் வைத்தபோது, தீவில் ஒருவர் தன் தென்னையை வெட்டுப்படாமல் காப்பாற்றும் ஆட்சிகூட இல்லை.

*

கொடியும் பூட்டிய அறையும்

டிசம்பர் 29 அன்று போஸ் போர்ட் பிளேரில் வந்திறங்கினார். அடுத்த நாள், 30-ஆம் தேதி, ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். இன்று அந்த இடம் நேதாஜி விளையாட்டரங்கம்.

அந்தக் கணத்தின் கனத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விடுதலைக்காகப் போராடிய மனிதர்களைக் கப்பலேற்றி அனுப்பிய இடத்தில், இந்தியர் ஒருவர் அரசின் தலைவராக நின்று கொடி ஏற்றுகிறார். செல்லுலார் சிறையையும் அவர் சென்று பார்த்தார்.

அன்றைக்கு அந்தச் சிறையில் டாக்டர் திவான் சிங் இருந்தார்.

யார் அவர்? பஞ்சாபி மொழிக் கவிஞர், மருத்துவர். போர்ட் பிளேரில் இந்திய சுதந்திர லீக்கின் தலைவரே அவர்தான். அதாவது போஸ் தலைமை தாங்கிய அதே அமைப்பின் உள்ளூர்த் தலைவர். உளவாளி என்று ஜப்பானியர் அக்டோபரில் அவரைப் பிடித்து அடைத்திருந்தார்கள். போஸ் வந்தபோது அவர் இரண்டு மாதத்துக்கு மேலாகச் சித்திரவதையில் இருந்தார்.

1944 ஜனவரி 14 அன்று அவர் இறந்தார். போஸ் போய் இரண்டே வாரம்.

ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்ச்சில் 44 இந்தியர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். அதே உளவுக் குற்றச்சாட்டு.

உளவு உண்மையில் நடந்ததா? நடந்தது. போருக்கு முன் போர்ட் பிளேரில் காவல் அதிகாரியாக இருந்த டெனிஸ் மெக்கார்த்தி, 1943 ஜனவரியில் நீர்மூழ்கியில் வந்து அந்தமான் காட்டில் ரகசியமாக இறங்கினார். ஜப்பானியக் கப்பல்கள் அடிபட்டபோதெல்லாம் தகவல் எங்கிருந்து போகிறது என்று அவர்கள் துடித்தார்கள். காட்டில் இருந்தவரைப் பிடிக்க முடியவில்லை. ஊரில் இருந்தவர்களைப் பிடித்தார்கள்.

போஸுக்கு இது தெரியுமா?

எண்பது ஆண்டுகளாகக் கேட்கிற கேள்வி. மூன்று நாளும் அவரைச் சுற்றி ஜப்பானிய அதிகாரிகள் இருந்தார்கள். ஊர் மக்கள் தனியாக அவரை நெருங்க வழியில்லை. தெரியாமல் போயிருக்க நியாயமான காரணங்கள் உண்டு.

ஆனால் அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. கொடி ஏற்றியவர் கையில் அந்தச் சிறையின் சாவி இருந்ததா? தெரிந்திருந்தால் திறந்திருக்க முடியுமா?

பதில் இரண்டே மாதத்தில் தெரிந்தது.

*

ஒரு தமிழ் மருத்துவரின் பெட்டி

1944 பிப்ரவரியில் 'ஷஹீத், ஸ்வராஜ்' தீவுகளின் தலைமை ஆணையராகப் போர்ட் பிளேருக்கு வந்து சேர்ந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.டி. லோகநாதன். ஆற்காடு துரைசாமி லோகநாதன். தமிழர், மருத்துவர், ஐம்பது வயதைக் கடந்தவர். தற்காலிக அரசில் ராணுவத்தின் பிரதிநிதி. கூட வந்தவர்கள் மேஜர் அல்வி உட்பட விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்.

நாடு ஒன்றின் முதல் விடுதலைப் பிரதேசத்தை ஏற்றுக்கொள்ள வந்த குழு அவ்வளவுதான்.

தீவின் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு என்றார்கள் ஜப்பானியர். அதை அவர் எதிர்பார்த்தே வந்திருப்பார். காவல் துறையையும் தர முடியாது என்றார்கள். உளவாளிகளைப் பிடிக்கும் வேலை அதில் அடங்கியிருக்கிறதாம்.

லோகநாதன் நிலைமையைப் புரிந்துகொண்டார். காவல் துறை கையில் இல்லாமல் மற்றத் துறைகளை ஏற்றால், நடக்கும் கொடுமைக்கெல்லாம் தன் அரசின் முத்திரை விழும். ஆகவே கல்வித் துறையை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

நவம்பர் 8 அறிக்கையின் சொற்களையும் இந்த முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் விடுதலை பெற்ற நிலம் என்று உலகுக்குச் சொன்ன இடத்தில், அரசின் பிரதிநிதி கையில் இருந்தவை சில பள்ளிக்கூடங்கள்.

*

சொல்லின் விலை

இதற்கெல்லாம் கார் நிக்கோபார் பிறகு கொடுத்த விலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரிவாகப் பின்னால் வரும்.

1944 அக்டோபரில் பிரிட்டிஷ் கீழைக் கடற்படை நிக்கோபாரைத் தாக்கியது. 1945 ஜூலையில் மறுபடி வந்தது. குண்டுகள் குறி தப்பாமல் விழுவதைப் பார்த்த ஜப்பானியர், தீவுக்காரர்களே சைகை காட்டுகிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். போர் முடிய சில வாரமே இருந்த நேரத்தில், ஊர் ஊராக ஆட்களைப் பிடித்து வதைத்தார்கள். பலரைக் கொன்றார்கள். ரிச்சர்ட்சனும் பிடிபட்டார், உயிர் தப்பினார்.

1946 மார்ச்சில் சிங்கப்பூரில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் கார் நிக்கோபார்ப் படைத்தலைவர் மேஜர் ஜெனரல் இட்சுகி தோஷியோவுக்கு மரண தண்டனை கிடைத்தது. ரிச்சர்ட்சன் 1952-ல் சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். அவருடைய தீவுக்கு உண்மையான ஸ்வராஜ்யத்தின் முதல் குரல் அப்போதுதான் கிடைத்தது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 8 அறிக்கை பொய் என்று நான் கருதவில்லை. ஆட்களைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு இயக்கம், வல்லரசு ஒன்று இறங்கி வந்த ஒரே தருணத்தைப் பிடித்து, அதன் வாக்கை உலகின் முன் பத்திரமாக எழுதி வாங்கப் பார்த்தது. போஸின் இடத்தில் வேறு யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஆனால் சொல் ஒரு கடன். ஒரு மக்களின் நிலத்தை விடுதலை பெற்றது என்று அறிவிக்கிற இயக்கம், அந்த நொடியிலிருந்து அந்த மக்களின் உயிருக்கும் பொறுப்பேற்கிறது. அந்தப் பொறுப்பை நிறைவேற்றும் அதிகாரம் கைக்கு வரவில்லை என்றால், அதையும் அதே உரத்த குரலில் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது அறிக்கை வரவே இல்லை. திவான் சிங்குக்காகவும் வரவில்லை, ஹம்ஃப்ரிகஞ்ச்சின் 44 பேருக்காகவும் வரவில்லை, தென்னையை இழந்த கார் நிக்கோபாருக்காகவும் வரவில்லை.

கொடி ஏறிய அதே டிசம்பர் 30-ல், 75 ஆண்டு கழித்து, 2018-ல் அந்தப் பெயர்களை இந்திய அரசு மீட்டெடுத்தது. நீல் தீவு ஷஹீத் தீவானது. ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவானது. இரண்டும் அந்தமானைச் சேர்ந்தவை. 1943-ல் 'ஸ்வராஜ்' என்ற பெயரைப் பெற்ற நிக்கோபாருக்கு அது திரும்பி வரவில்லை.

இனி லோகநாதனிடம் போவோம். போர்ட் பிளேரில் அவர் மாதக்கணக்கில் இருந்தார். கண்ணால் பார்த்தார், காதால் கேட்டார். பார்த்ததைச் சிங்கப்பூருக்கு எழுத அவருக்கு இருந்த வழி ஜப்பானியர் கை வழியாகப் போகும் வழி ஒன்றே. பள்ளிக்கூடங்களை மட்டும் கையில் வைத்திருந்த அந்தத் தமிழ் மருத்துவர், தன் தலைவருக்கு உண்மையை எப்படிச் சொல்லியிருப்பார்? சொன்னபோது, அதைக் கேட்கும் நிலையில் போஸ் இருந்தாரா?

(அடுத்த வாரம் தொடரும்)